அரசியும் நாலு சாணும்

முன்பு ஒரு காலம் இருந்தது. எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ராஜா இருந்தார், அரசி இருந்தாள், அவர்களைச் சிரிக்க வைக்க விடங்கன் என்று ஒருவன் இருந்தான். அது போதும்.

ஒரு நாள் காலையில் அரசி நந்தவனத்தின் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொய்யாப்பழத்தை உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். எதிரே விடங்கன். நடுவில் மண்ணில் கீறிய கட்டம். காய்கள் எல்லாம் புளியங்கொட்டை. விடங்கன் மூன்றாவது ஆட்டத்தையும் தோற்றுக்கொண்டிருந்தான்.

"இந்த மண்ணில் உட்கார்ந்து எழுந்தால் புடவை செங்கல் சூளைக்குப் போய்விட்டு வந்ததுபோல் ஆகிறது. கொம்பையாவைக் கூப்பிடு" என்றாள் அரசி.

கல்தச்சர் கொம்பையா வந்தார். தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"கொம்பையா, இங்கே ஒரு தளம் போட வேண்டும். ஒரு பெரிய சதுரக் கல் வெட்டும். அதன் பக்கம் எவ்வளவு நீளமோ அதே நீளத்தில், ஒரு சாண் அகலத்தில் ஏழு பட்டைக்கல். பிறகு சாணுக்குச் சாண் பன்னிரண்டு சிறிய கல். அவ்வளவுதான்."

"பெரிய கல்லுக்கு அளவு சொல்லுங்க, தாயி."

"அளவு பாறை சொல்லும். விரிசல் இல்லாமல் எத்தனை பெரிய சதுரம் கொடுக்கிறதோ, அத்தனை."

கொம்பையா விடங்கனைப் பார்த்தார். விடங்கன் அரசியைப் பார்த்தான். "அம்மா, அளவே இல்லாத கல்லை வைத்து எப்படித் தளம் போடுவது?"

"அதையும் நானே சொல்லிவிட்டால் உனக்கு அரண்மனையில் என்ன வேலை? ஒரு கல்லையும் உடைக்காமல், ஒரு கல்லும் மிஞ்சாமல், நாலு பக்கமும் நேராக வரும். கல் வரட்டும். நீயே கண்டுபிடி."

சொல்லிவிட்டுக் கடைசித் துண்டு கொய்யாவை அவனுக்குக் கொடுக்காமல் தானே தின்றாள்.

மறுநாள் அரசிக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் அவள் இல்லை.

அதன் பிறகு முப்பது நாள் அந்த அரண்மனையில் யாரும் சிரிக்கவில்லை. விடங்கன் தினமும் சபைக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனான். ஒரு நாள் அவனுக்கு ஒரு நல்ல வேடிக்கை தோன்றியது. சொல்வதற்காகத் தலையை நிமிர்த்தினான். அரசி உட்காரும் பலகணி சாத்தியிருந்தது. வேடிக்கையை அப்படியே விழுங்கிவிட்டான்.

முப்பத்தோராம் நாள் கொம்பையா சபைக்கு வந்து கும்பிட்டு நின்றார். "அரசியம்மா சொன்ன கல்லெல்லாம் தயாருங்க, மகாராஜா. மூணு வண்டியில வாசல்ல நிக்குது."

ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தக் கல்?"

கொம்பையா நடந்ததைச் சொன்னார். முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் மாதவராயர் எழுந்துவிட்டார். அரண்மனைக் கட்டுமான வேலையெல்லாம் ராயர் கையில்தான் இருந்தது. அரசி தன்னைக் கேட்காமல் ஒரு கல்தச்சனிடமும் ஒரு விகடனிடமும் பேசித் தளம் போடச் சொன்னாள் என்பது அவர் வயிற்றில் மிளகாய் அரைத்ததுபோல் இருந்தது.

"மன்னர் பெருமானே, பூசணிக்காய் வாங்குகிறவன்கூட எத்தனை பெரிது என்று கேட்டு வாங்குவான். அளவு சொல்லாமல் ஒருவர் கல்லுக்கு உத்தரவிடுவாரா? அதுவும் நம் அரசியார்? கற்குழியில் வீணாய்க் கிடந்த துண்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, போனவர்மேல் பழியைப் போடுகிறான் இவன்."

"ஐயோ, இல்லீங்க சாமி!"

"நான் பக்கத்தில் இருந்தேன், மகாராஜா" என்று விடங்கன் எழுந்தான். முப்பது நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை அது. "அரசியார் சொன்னது நிஜம்."

"அப்படியானால் அந்தத் தளத்தின் நீளம் என்ன, விடங்கரே?"

"தெரியாது."

"அகலம்?"

"அதுவும் தெரியாது."

"கேட்டீர்களா!" என்று ராயர் சபையைப் பார்த்துக் கையை விரித்தார். சபை முணுமுணுத்தது.

ராஜா கையை உயர்த்தினார். பிறகு சொன்னார்: "அரசி ஒரு விஷயத்தைச் சொன்னால் அதில் பிசிறு இருக்காது. இருபது கல். ஒன்றையும் உடைக்கக் கூடாது, ஒன்றும் மிஞ்சக் கூடாது, நாலு பக்கமும் நேராக வர வேண்டும். வந்தால் அது அவள் வாக்கு. வராவிட்டால் இவன் அவள் பெயரில் பொய் சொன்னான். பொய்யைச் செதுக்கிய கட்டைவிரல் இவன் கையில் இருக்காது. விடங்கா, நீ சாட்சி சொன்னாய். நீயே தளம் போடு. நாளையிலிருந்து நாலாம் நாள் விளக்கு வைக்கும் நேரம் வரை அவகாசம். அதுவரை கொம்பையா ராயரின் காவலில் இருக்கட்டும்."

காவலர் கையைப் பிடித்தபோது கொம்பையா திமிறவில்லை. தன் வலது கட்டைவிரலை இடது கைக்குள் பொத்திக்கொண்டார். அதை விடங்கன் பார்த்தான்.

நேராக மடைப்பள்ளிக்கு ஓடினான். அங்கேதான் அவன் மனைவி செங்கமலம் சமையல் பார்த்தாள்.

"ஒரு வாழை இலையைச் சதுரமா நறுக்கு. ஏழு முருங்கைக்காய் எடு. இலைப் பக்கத்து நீளத்துக்கே நறுக்கு. அப்புறம் முருங்கைக்காய்ப் பருமனுக்குச் சதுரமா பன்னிரண்டு வெல்லத் துண்டு."

"என்ன சமையல் இது? எந்த ஊர்ல முருங்கைக்காய்க்கு வெல்லம் போடுறாங்க?"

"சமையல் இல்லடி. ஒரு மனுஷன் விரல்."

விஷயத்தைக் கேட்டதும் அவள் வாயை மூடிக்கொண்டு நறுக்கினாள். இலையைத் தரையில் விரித்தார்கள். விடங்கன் ஏழு காயையும் இலையின் வலப்பக்கம் வரிசையாக ஒட்டி வைத்தான். நாலு பக்கமும் நேராகத்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு வெல்லமும் கையில் இருந்தது.

"இந்த வெல்லத்தை ஓரமா அடுக்கிடலாமே" என்றாள்.

"எத்தனை கொள்ளும்? இலைப் பக்கத்துக்கு எத்தனை வெல்லம்னு நமக்குத் தெரியாதே. பாறை கொடுத்த அளவுதானே அது? இன்னிக்கு இலையில சரியா வந்தாலும் நாளைக்குக் கல்லுல வராது."

"அப்போ வெல்லம் இலையைத் தொடவே கூடாது. காயை மட்டும்தான் தொடணும்."

விடங்கன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "என்ன சொன்னே?"

"காயோட அகலம்தானே வெல்லத்துக்குச் சமம்? இலைக்குக் காய் ஜோடி. காய்க்கு வெல்லம் ஜோடி."

அவன் ஒரு காயை வலப்பக்கத்திலிருந்து எடுத்து இலையின் கீழ்ப்பக்கத்தில் படுக்க வைத்தான். வலது பக்கம் ஆறு, கீழே ஒன்று. மூலையில் ஒரு பள்ளம் விழுந்தது. ஆறு வெல்லம் வைத்ததும் பள்ளம் நிறைந்துவிட்டது. நாலு பக்கமும் நேர்! ஆனால் ஆறு வெல்லம் மிச்சம்.

இன்னொரு காயைக் கீழே கொண்டுவந்தான். ஐந்தும் இரண்டும். மூலையில் ஐந்துக்கு இரண்டு, பத்து வெல்லம் உட்கார்ந்தது. இரண்டு மிச்சம். விடங்கன் சுற்றிலும் பார்த்துவிட்டு அந்த இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டான்.

"முடிஞ்சுது!"

"த்தூ! தின்னு தீர்க்கிற தளமா இது? கருங்கல்லையும் இப்படித்தான் கடிக்கப் போறீங்களா?" செங்கமலம் அவன் கையைத் தட்டிவிட்டு, புதிதாக இரண்டு வெல்லம் உடைத்தாள். அவளே வலப்பக்கத்துக் காய் ஒன்றை உருவிக் கீழே வைத்தாள். வலது பக்கம் நாலு, கீழே மூன்று. மூலையில் நாலுக்கு மூன்று. வெல்லத்தை ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

கையில் ஒன்றும் இல்லை. பள்ளமும் இல்லை.

"அடியே!" என்று விடங்கன் எம்பிக் குதித்ததில் மேலே தொங்கிய உறி தலையில் இடித்தது. "கூட்டினா ஏழு, பெருக்கினா பன்னிரண்டு! மூணும் நாலும்! இதைத்தான் அம்மா மனசுல வெச்சிருந்தாங்க!"

"கத்தாதீங்க. வேற இலை போட்டுப் பார்ப்போம்."

பெரிய இலை போட்டார்கள், காயையும் நீளமாக நறுக்கினார்கள். வந்தது. கையகல இலை போட்டார்கள். அதுவும் வந்தது. இலை எதுவானாலும் மூன்றும் நாலும் மாறவில்லை. அன்று அரண்மனையில் எல்லோருக்கும் முருங்கைக்காய்க் குழம்பு.

முதல் நாள் விடிந்ததும் விடங்கன் ஐந்து ஆட்களோடு நந்தவனத்தில் இருந்தான். உருளைக் கட்டைமேல் பெரிய கல் அசைந்து அசைந்து வந்தது. கறுப்புக் கல், குளத்துத் தண்ணீர்போல் முகம் தெரிந்தது. அதை வடமேற்கு மூலையில் இறக்கி, கிழக்கே நாலு பட்டைக்கல், தெற்கே மூன்று பட்டைக்கல், மூலையில் பன்னிரண்டு சாண்கல். நூல் பிடித்துப் பார்த்தார்கள். மயிரிழை விலகவில்லை. ஆட்கள் கையைத் தட்டினார்கள். ராஜா மாலையில் வருவார்; கொம்பையா வீட்டுக்குப் போவார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

உச்சிவேளைச் சாப்பாடு முடிந்து திரும்பி வந்தால், மூலையில் இரண்டு கல் இல்லை.

விடங்கன் மூலைக்கு ஓடினான். குனிந்து பார்த்தான். ஈர மண்ணில் ஒற்றை ஆளின் கால்தடம், நன்றாக அழுந்தி, வடக்கு வாசல் வரைக்கும் போயிருந்தது. அந்த வாசலுக்கு அப்பால் இருப்பது ராயரின் தோட்டம். தடம் ஒரே சீராக இருந்தது, இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை.

"காவடித்தண்டு. முன்னால் ஒரு கல், பின்னால் ஒரு கல். ஒரு நடைக்கு இரண்டு கல்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

"ராஜாகிட்ட ஓடிப் போய்ச் சொல்லுங்கய்யா" என்றார்கள் ஆட்கள்.

"சொன்னால் ராயர் என்ன சொல்வார்? கொம்பையா பத்துக் கல்தான் கொண்டுவந்தான் என்பார். கொம்பையா இருப்பது அவர் காவலில். வேறு கல்தச்சர் எல்லாம் அவர் கைக்குள். சொல்ல வேண்டாம்." அவன் நெற்றியைச் சுருக்கினான். வாயில் வெல்லம் இனித்ததுபோல் இருந்தது. "பத்து! ஐந்துக்கு இரண்டு! டேய், தெற்கே இருக்கிற பட்டைக்கல்லில் ஒன்றைத் தூக்கிக் கிழக்கே போடுங்கள். சீக்கிரம்!"

மாலையில் ராஜா வந்தபோது தளம் நாலு பக்கமும் நேராக இருந்தது. பின்னால் வந்த ராயர் தளத்தைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"எத்தனை நீளம்?" என்று ராஜா கேட்டார்.

"அரசியும் ஐந்து சாணும், மகாராஜா."

"என்ன?"

"இந்தப் பெரிய கல்லின் அளவு எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும். அரசி என்று வைத்தேன். கிழக்கு மேற்காக அரசியும் ஐந்து சாணும். வடக்குத் தெற்காக அரசியும் இரண்டு சாணும்."

ராஜா குனிந்து பெரிய கல்லின்மேல் கையை வைத்தார். "இந்தக் கல்லை யாரும் கோல் வைத்து அளக்கக் கூடாது" என்றார். பிறகு எண்ணிப் பார்த்தார். "சாண்கல் பத்துதான் இருக்கிறது. அவள் கேட்டது பன்னிரண்டு."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்று ராயர் முன்னால் வந்தார். "கல்தச்சன் இரண்டு கல்லை..."

"இரண்டும் சற்று உலாவப் போயிருக்கின்றன, மகாராஜா. நாலாம் நாள் வரை அவகாசம் இருக்கிறதே, வந்துவிடும்" என்று விடங்கன் குறுக்கே புகுந்தான். பிறகு பக்கத்திலிருந்த ஆளிடம், ராயர் காதில் விழும்படி, முணுமுணுத்தான்: "இரண்டு போனதால் தப்பித்தேனடா. இன்னும் ஒரு நாலு கல் போயிருந்தால் நான் தொலைந்தேன். மூன்றோ ஐந்தோ போனாலும் பரவாயில்லை. நாலு மட்டும் போகக் கூடாது சாமி!"

இரண்டாம் நாள் உச்சிவேளையில் சரியாக நாலு கல் போயிற்று. இரண்டு நடை.

விடங்கன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். மிச்சம் ஆறு. தெற்கேயிருந்து இன்னொரு பட்டைக்கல் கிழக்கே போனது. ஆறுக்கு ஒன்று. மாலையில் ராஜா வந்தார். தளம் நேராக இருந்தது. ராயரின் முகம்தான் கோணியிருந்தது.

"அரசியும் ஆறு சாணும், அரசியும் ஒரு சாணும்" என்றான் விடங்கன்.

"ஆறு கல் எங்கே?" என்று ராஜா கேட்டார். அவர் குரலில் இப்போது கடுமை ஏறியிருந்தது.

"உறவுக்காரர்களைத் தேடிப் போயிருக்கின்றன. வரும், மகாராஜா." பிறகு மறுபடியும் அந்த ஆளிடம், தலையில் கை வைத்துக்கொண்டு: "இந்த ஆறும் போய்விட்டால் என்ன செய்வேனடா? சாண்கல்லே இல்லாமல் பிரம்மதேவன் வந்தாலும் தளம் போட முடியாதே!"

மூன்றாம் நாள் மூன்று நடை. ஆறும் போயின. ஆட்கள் பயந்துபோய் நின்றார்கள். விடங்கன் கடைசிப் பட்டைக்கல்லையும் கிழக்கே தள்ளச் சொன்னான். பெரிய கல், பக்கத்தில் ஏழு பட்டைக்கல், அவ்வளவுதான். நூல் பிடித்தால் நேர்.

அன்று மாலை ராயர் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருகிறவர்போல் வந்தார். தளத்தைப் பார்த்ததும் அவர் கால் அப்படியே நின்றுவிட்டது.

"அரசியும் ஏழு சாணும்" என்றான் விடங்கன். "இந்தப் பக்கம், வெறும் அரசி."

ராஜாவின் முகத்தில் சிரிப்பு வரவில்லை. "வித்தை காட்டினாய், விடங்கா. மூன்று நாளும் காட்டினாய். ஆனால் அவள் பன்னிரண்டு என்றாளா, இல்லையா?"

"பன்னிரண்டு என்றுதான் சொன்னார்கள்."

"நாளை விளக்கு வைக்கும்போது பன்னிரண்டும் இங்கே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கொம்பையாவின் விரல் போகும். பிறகு நீ என் சபையில் உட்கார வேண்டாம்."

விடங்கன் இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான். இந்த நிமிஷத்துக்காகத்தான் அவன் மூன்று நாள் காத்திருந்தான். ஆனாலும் இப்போது பயமாக இருந்தது. இது பலிக்காவிட்டால் அடுத்து ஒன்றும் இல்லை.

"மகாராஜா, ஒரே ஒரு வரம். அரசியின் கல் எங்கே இருக்கிறதோ, அது அரசியின் தளம் என்று தண்டோரா போட வேண்டும்."

"அதில் என்ன இருக்கிறது? உண்மைதானே."

"தளம் என்றால் மேலே ஒன்றும் இருக்கக் கூடாது, மகாராஜா. நாளை மாலை நான் கடப்பாரையோடு ஊரைச் சுற்றி வருவேன். அரசியின் சாண்கல் எந்த வீட்டில் கிடக்கிறதோ, அந்த வீடு தளத்தின்மேல் அறியாமல் எழும்பிவிட்டது என்று அர்த்தம். சுவர், கூரை, மாடி, எல்லாவற்றையும் இடித்து ஒதுக்கித் தளத்தைச் சுத்தமாக வைப்பேன். எனக்கு இட்ட உத்தரவு தளம் போடுவதுதானே?"

ராஜா அவனை உற்றுப் பார்த்தார். ஒரு கணம் அவர் பார்வை ராயர் பக்கம் போய்த் திரும்பியது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

நாலாம் நாள் காலையில் தெருத்தெருவாகத் தண்டோரா முழங்கியது. ராயரின் வீடு மூன்று கட்டு வீடு. போன வருஷம்தான் மாடி எடுத்துக் கட்டியிருந்தார். காவடித்தண்டு தூக்கிய வேலையாள் மொட்டையன் தண்டோராவைக் கேட்ட மாத்திரத்தில் மாமனார் ஊருக்கு ஓடிப்போனான். வேறு ஆளை நம்பிக் கல்லைக் கொடுக்க முடியுமா? வண்டி கட்டினால் நாலு பேர் பார்ப்பார்கள். புதைத்தாலும் கிணற்றில் போட்டாலும் கல் அவர் மனைக்குள்தானே கிடக்கும்?

உச்சிவேளை வந்தது. நந்தவனத்தில் ஆட்கள் எல்லோரும் வழக்கம்போல் சாப்பிடப் போய்விட்டார்கள். வடக்கு வாசல் மெதுவாகத் திறந்தது.

முதலில் ஒரு கல் தெரிந்தது. கயிற்றில் ஆடிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு தொந்தி. தொந்திக்கு மேலே, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தோளில் காவடித்தண்டு அழுத்த, கண் பிதுங்க, மாதவராயர். அவருக்குப் பின்னால் இன்னொரு கல். கொதிக்கிற மணலில் செருப்புக் கழன்றுவிட்டது. தத்தித் தத்தி வந்து இரண்டு கல்லையும் மூலையில் வைத்துவிட்டு ஓடினார்.

அரளிச்செடிக்குப் பின்னால் ராஜாவும் விடங்கனும் உட்கார்ந்திருந்தார்கள். ராஜா எழுந்திருக்கப் போனார். விடங்கன் உதட்டில் விரலை வைத்தான். "பொறுங்கள், மகாராஜா. இன்னும் ஐந்து நடை இருக்கிறது. நடுவில் நிறுத்தினால் மிச்சக் கல்லை யார் தூக்குவது?"

இரண்டாவது நடை. மூன்றாவது நடை. நாலாவது நடையில் ராயர் பெரிய கல்லின்மேல் உட்கார்ந்து, "ஐயோ அம்மா, இடுப்பு!" என்றார். ராஜாவின் தோள் குலுங்கியது. ஐந்தாவது நடையில் முன்னால் தொங்கிய கல்லின் முடிச்சு நழுவிக் கல் புல்லில் விழுந்தது. தண்டு பின்பக்கம் சரிந்து, ராயர் மல்லாந்து வாழைப்பாத்திக்குள் உட்கார்ந்தார். ராஜா அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டார்.

ஆறாவது நடை வந்து, கடைசி இரண்டு கல்லும் இறங்கியதும், விடங்கன் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"ராயரே! இத்தனை வெயிலில் நீங்களா? சொல்லியிருந்தால் முதல் நாளே குடை பிடித்திருப்பேனே!"

ராயர் திரும்பினார். விடங்கனைப் பார்த்தார். அவன் பின்னால் ராஜாவைப் பார்த்தார். தோளிலிருந்து தண்டை இறக்க மறந்துபோய், அதோடேயே கும்பிடு போட்டார். தண்டு சுழன்று அவர் தலையிலேயே ஒரு போடு போட்டது.

அவ்வளவுதான். ராஜா சிரித்தார். முதலில் இருமல்போல வந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வர, நின்று நின்று சிரித்தார். சத்தம் கேட்டு மடைப்பள்ளியிலிருந்து செங்கமலம் கரண்டியோடு ஓடி வந்தாள். காவலர்கள் ஓடி வந்தார்கள். முப்பத்தைந்து நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள், எதற்கென்று தெரியாமலே தாங்களும் சிரித்தார்கள்.

கொம்பையாவை அவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். மூன்று பட்டைக்கல் கிழக்கேயிருந்து தெற்கே திரும்பின. கிழக்கே நாலு, தெற்கே மூன்று. மூலையில் பன்னிரண்டு சாண்கல்லையும் கொம்பையாவே தன் கையால் வைத்தார். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அரசியும் நாலு சாணும்; அரசியும் மூன்று சாணும்" என்றான் விடங்கன்.

"பத்துக் கல்லிலும் தளம் வந்தது. ஆறிலும் வந்தது. ஒன்றும் இல்லாமலும் வந்தது. பிறகு எதற்கு அவள் பன்னிரண்டு என்றாள்?" என்று ராஜா கேட்டார்.

"ஏழு பட்டைக்கல்லை எப்படிப் பிரித்தாலும், நாலும் மூன்றுமாகப் பிரித்தால்தான் இடம் அதிகம், மகாராஜா. அதற்குமேல் ஒரு ஆள் உட்கார இடம் வராது. அம்மாவுக்கு எதிரே விளையாட ஆள் நிறைய வேண்டும். தோற்பதற்கு நான் ஒருவன் போதவில்லை."

ராஜா தலையை ஆட்டினார். "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார்.

"கொம்பையாவின் வலது கட்டைவிரல்."

கூட்டம் திடுக்கிட்டது. கொம்பையா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நாலு நாளாக அந்த விரல் மகாராஜாவுடையதாக இருந்தது. அதை எனக்குக் கொடுத்துவிடுங்கள். நான் எடுத்துப்போக மாட்டேன். அவர் கையிலேயே இருக்கட்டும், உளி பிடிக்கட்டும். இனி யாராவது வெட்ட வந்தால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும்."

ராஜா மறுபடியும் சிரித்தார். "கொடுத்தேன்!" என்றார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டார். செங்கமலத்துக்குத் தங்கக் கரண்டி. ராயருக்கும் ஒன்று கிடைத்தது: நாற்பது நாள் அதே காவடித்தண்டில் இரண்டு குடம் கட்டி, நந்தவனத்துக்கு அவர்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றினார். அந்த வருஷம் மல்லிகை நன்றாகப் பூத்தது.

தளத்தின் நாலு மூலையிலும் பிறகு தூண் நிறுத்தினார்கள். வெகுகாலம் கழித்துத் தூண்கள் விழுந்தன. ராஜா போனார், விடங்கன் போனான், அவர்கள் பேசிய சபையும் போயிற்று. மல்லிகை இருந்த இடத்தில் எருக்கு முளைத்தது. பெரிய கல்லை இதுவரை யாரும் அளந்ததில்லை. அந்தத் தளத்தின் நீளம் அதன் அகலத்தைவிட ஒரு சாண் அதிகம்.